மேல் பாதி கிரேக்கம், கீழ் பாதி லத்தீன்

காலரக்காவுக்குக் கோபம் வரும் என்பது அந்தச் சட்டைக் கம்பெனியில் கேட் காவலாளி முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது ஒரு வியாதி என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திய காகிதம் ஒன்று வந்திருப்பது அவளுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

பதினாலு வருஷமாகச் சட்டைக்குக் காலர் வைப்பவள். சட்டையிலேயே கஷ்டமான இடம் காலர்தான். முனை ஒரு நூலிழை விலகினாலும் போட்டுக்கொள்பவன் கோணலாகத் தெரிவான். அதனால்தான் அவள் பெயரே காலரக்கா ஆகிவிட்டது. மூன்றாவது லைனுக்கு அவளைத்தான் சூப்பர்வைசராகப் போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டு ஒரு மாதம் இருக்கும். ஆள் எடுப்பு, லீவு, தண்டனை எல்லாம் பார்க்கும் ஆபீசர் அவளைக் கூப்பிட்டனுப்பியபோது கையில் ஒட்டியிருந்த நூல் துணுக்கைத் தட்டிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் போனாள்.

“உட்காருங்கம்மா,” என்றார் ஆபீசர். மேஜையில் இருந்த காகிதத்தை அவள் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். “மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட் வந்துடுச்சு. இதைப் பார்த்தீங்களா?”

அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும். சட்டை லேபிளில் இருக்கிற அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார்கள், தம்பி மேலே படிக்கட்டும் என்று.

“ஹைப்பர். டென்ஷன்,” என்று ஆபீசர் சொல்லை இரண்டாகப் பிட்டு வைத்தார். “ஹைப்பர்னா ரொம்ப. டென்ஷன்னா என்னன்னு நான் சொல்லணுமா? டாக்டரே எழுதிட்டார்மா, நீங்க ரொம்ப டென்ஷன் ஆகிற ஆள்னு. இப்படி ஒருத்தர் கையில நாப்பது பேரை எப்படி ஒப்படைக்கிறது?”

“சார், அது பிரஷர். நர்ஸம்மா அப்படித்தான் சொன்னாங்க.”

“பிரஷர் யாருக்கு வரும்? கோபப்படுறவங்களுக்குத்தானே? சுத்தி வளைச்சு ரெண்டும் ஒண்ணுதான்.”

“என் மெஷின்லகூடத்தான் டென்ஷன் இருக்கு. நூலை இறுக்கிப் பிடிக்கிற திருகுக்குப் பேரே டென்ஷன்தான். அது ஜாஸ்தியாயிட்டா மெஷினுக்குக் கோபம்னா அர்த்தம்?”

கொஞ்சம் உரக்கத்தான் கேட்டுவிட்டாள். ஆபீசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “பாருங்க, பாருங்க. இப்பவே ஆரம்பிச்சுட்டீங்க.”

இந்த அநியாயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தான் கோபக்காரி இல்லை என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னால் யார் காதிலும் விழாது. சத்தமாகச் சொன்னால், இதோ பார் கோபம் என்பார்கள். ஆம்பிளை சூப்பர்வைசர் கத்தினால் அவர் கறாரான மனுஷன். இவள் கத்தினால் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ஆபீசர் நல்லவர் போலத்தான் முடித்தார். “ஒரு மாசம் பார்க்கலாம். ஒரு மாசம் கோபமே படாம இருந்து காட்டுங்க. அதுவரைக்கும் பட்டன் பார்த்துக்கட்டும்.”

பட்டன் என்பவன் பட்டன் தைக்கும் மெஷினில் இருப்பவன். கோபமே வராது அவனுக்கு. வேலையும் வராது.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் வெல்டர், நெருப்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சோபாவில் கால் நீட்டியிருந்தார். “ஆபீசர் சொல்றதுல தப்பென்ன? வாயைக் கொஞ்சம் குறைச்சா பிரஷர் தானா இறங்கிட்டுப் போகுது. மாத்திரையை ஆரம்பிச்சா அப்புறம் ஆயுசுக்கும் விட முடியாது, பார்த்துக்கோ.” கம்பெனி நர்ஸம்மா கொடுத்திருந்த மாத்திரை அட்டை கைப்பையின் அடியில், சீப்புக்கும் பஸ் பாஸுக்கும் கீழே போய்ச் சேர்ந்தது.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. அம்மாவின் கதை இருந்ததால்தான் கணவர் சொன்னதை நம்பினாள். அம்மாவும் ஒரு காலத்தில் பெரிய வாய்க்காரிதான். தெரு முனையில் தண்ணீர்க்குழாய்ச் சண்டை என்றால் அம்மா குரல்தான் முதலில் கேட்கும். ஒருநாள் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டோடு வந்தாள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் தம்பி, பத்தாம் வகுப்பு. சீட்டை விளக்குக்கு நேரே பிடித்து, எழுத்துக் கூட்டி, நிமிர்ந்து சொன்னான்: “அம்மாவுக்கு அளவுக்கு மீறின டென்ஷன்னு எழுதியிருக்குப்பா.” அப்பா கையைத் தட்டிச் சிரித்தார். “இதைக் கண்டுபிடிக்க டாக்டரா வேணும்? கோபத்துக்கு எதுக்கு மாத்திரை? வாயை அடக்கச் சொல்லு, போதும்.”

அம்மா அடக்கினாள். முதல் அட்டை தீர்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். குழாயடியில் யார் குடத்தை நகர்த்தினாலும் பேசாமல் நின்றாள். அப்பா எரிந்து விழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒன்பது வருஷம். பிறகு ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்கள்: அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷி. முன்னே போட்ட சத்தமெல்லாம் சேர்ந்து பின்னால் வந்து அடித்துவிட்டது என்று காலரக்காவும் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆக, ஒரு மாசம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். லைனே வேடிக்கை பார்த்தது. “அக்கா, உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டார்கள். மெக்கானிக் அவள் மெஷினுக்கு எண்ணெய் விட வந்து, திட்டு விழாததால் பயந்து இரண்டு தடவை விட்டுப் போனான். பட்டன் மட்டும் பட்டத்து ராஜா மாதிரி லைன் நெடுக நடந்தான்.

பத்தாம் நாள், திங்கட்கிழமை, எதிர் வரிசையில் சட்டைக் கை தைக்கும் மெஷினில் விரல் தடுப்பைக் காணோம் என்பதைப் பார்த்தாள். ஊசிக்கு முன்னால் வளைந்து நிற்கும் சின்னக் கம்பி அது. அது இருந்தால் துணி திருப்ப அரை நொடி கூடுதலாகும். இல்லாவிட்டால் அன்றைய எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கைக்காகப் பட்டன்தான் கழற்றச் சொல்லியிருக்கிறான். பழைய காலரக்காவாக இருந்தால் மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு, பட்டனை நிற்கவைத்து வறுத்தெடுத்திருப்பாள், மெக்கானிக் ஓடிவந்து கம்பியை மாட்டும் வரை உட்கார்ந்திருக்க மாட்டாள். வார்த்தை தொண்டை வரை வந்தது. ஒரு மாசம், ஒரு மாசம் என்று மென்று விழுங்கினாள். செவ்வாயும் விழுங்கினாள். புதனும்.

வியாழன் பதினொரு மணிக்கு அந்த மெஷின்காரியின் ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவே ஊசி இறங்கி எலும்பில் முறிந்தது. இரண்டு குழந்தைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் அவள். கத்தக்கூட இல்லை. விரலைப் பார்த்தாள், பிறகு நேராக எதிரே காலரக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வை சும்மாதான் வந்து விழுந்தது, அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

அன்று மாலை காலரக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில், தம்பி நடத்தும் கோச்சிங் சென்டருக்குப் படியேறினாள். உத்தியோகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் அவன். சொந்தபந்தத்தில் அவன் பெயர் டிக்ஷனரி. அவனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. மெதுவான குரல், சலவை கலையாத சட்டை. வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வா அக்கா. என்ன இந்நேரத்துல?”

“ஆபீசருக்கு ஒரு லெட்டர் எழுதித் தா. இங்கிலீஷ்ல. ஹைப்பர்டென்ஷன்னா கோபம் இல்ல, வேற என்னமோன்னு எழுது. அந்த வேற என்னன்னு எனக்கும் சொல்லு.”

அவன் கண்ணில் விளக்கு எரிந்தது. இந்த மாதிரி ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பேனாவை எடுத்துப் பலகையில் சொல்லை எழுதி நடுவில் கோடு கிழித்தான்.

“இது ஒட்டுப்போட்ட வார்த்தைக்கா. முன்னாடி இருக்கிற ஹைப்பர் கிரேக்க பாஷை. மேலே, அளவுக்கு மேலேன்னு அர்த்தம்.”

“எதுக்கு மேல? மூக்குக்கு மேலயா?”

“இரு இரு. பின்னாடி இருக்கிற டென்ஷன் லத்தீன். இழுக்கிறது, விறைப்பா இழுத்துப் பிடிக்கிறது. துணியை இழுத்துக் கட்டுறோமே டெண்ட், அதுவும் இதே வேர்தான். ஆக மேல் பாதி கிரேக்கம், கீழ் பாதி லத்தீன். ரெண்டு பாஷையைக் கலந்து தைச்ச வார்த்தைன்னு பழைய பண்டிதருங்களுக்கு இந்த ஜாதி வார்த்தைங்களையே பிடிக்காது.”

“மேல் துணி ஒரு லாட், கீழ் துணி ஒரு லாட்டா? எங்க லைன்ல வந்தா ரிஜெக்ட்தான்.”

அவன் சிரித்தான். “ஆனா அதுல மனசு எங்கயுமே இல்லக்கா. இழுபடுறது மனசு இல்ல, ரத்தக்குழாய். உள்ளே ரத்தம் வேகமா அழுத்த, குழாயோட சுவர் அளவுக்கு மேல விறைச்சு நிக்குது. அவ்வளவுதான். ‘டென்ஷன் ஆகாதே’ன்னு நாம பேச்சுல சொல்றது வேற கதை. பேசாம இருக்கிறவனுக்கும் இது வரும். அதனாலதான் ஆபத்து, வெளியில தெரியாது.”

அவளுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது. அவள் ஆபீசரிடம் சொன்னதேதான்! திருகு, நூல், இழுப்பு. ஒன்பதாவது படித்தவளுக்குத் தெரிந்தது டையைக் கட்டிக்கொண்டிருப்பவனுக்குத் தெரியவில்லையே என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“ரொம்ப நல்ல உதாரணம்க்கா இது,” என்று அவன் பேசிக்கொண்டே போனான். “காலேஜ்ல ரெண்டாம் வருஷம், எங்க புரொபசர் இதே வார்த்தையைத்தான் பலகையில எழுதி நடுவில கோடு கிழிச்சாரு, எனக்கு இன்னும்...”

நிறுத்திவிட்டான். பேனாவுக்கு மூடி போட்டான்.

சில சமயம் ஒருவன் சொல்லி முடித்ததைவிட நிறுத்திய இடம்தான் காதில் விழும். காலரக்கா மெல்லக் கேட்டாள். “எந்த வருஷம்?”

“என்னக்கா?”

“ரெண்டாம் வருஷம்னு சொன்னே. ரெண்டாம் வருஷம் நீ காலேஜ் போகும்போது உனக்கு டிபன் கட்டிக் குடுத்தது யாரு?”

அவன் மூடிய பேனாவை மேஜையில் வைத்தான்.

“அம்மாடா. அம்மாதான் கட்டிக் குடுத்தாங்க. அதுக்கப்புறமும் அஞ்சு வருஷம் உயிரோட இருந்தாங்க.”

“அக்கா, உட்காரு.”

“உட்கார மாட்டேன். அன்னிக்கே தெரியுமா உனக்கு? சீட்டைத் தப்பாப் படிச்சிட்டோம்னு?”

அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தெரியும். அப்பா எல்லார்கிட்டயும் என் பையன் இங்கிலீஷ்ல புலின்னு சொல்லிட்டிருந்தாரு. நான் தப்பாப் படிச்சேன்னு எப்படிக்கா போய்ச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்புறம் அம்மாவும் நல்லாத்தானே இருந்தாங்க. சத்தமே போடாம.”

“சத்தமே போடாமத்தான்டா நூலு அறுபடும்!”

கையில் கிடைத்த டஸ்டரை வீசினாள். அது பலகையில் பட்டு, கிரேக்கத்தைப் பாதி அழித்துவிட்டுக் கீழே விழுந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த கோபம் அது. சீட்டைத் தப்பாகப் படித்த பத்தாம் வகுப்புப் பையன் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. சின்னப் பையன், தெரிந்ததைச் சொன்னான். தெரிந்துகொண்ட பிறகு வாயைத் திறக்காத பெரிய மனுஷன் மேல்தான் கோபம். கை தட்டிய அப்பா மேல் கோபம். ஒன்பது வருஷம் ஒரு பொம்பிளை வாயைக் கட்டிவைத்திருக்கிறாள், வீடு எவ்வளவு நிம்மதி என்று குளிர் காய்ந்த எல்லோர் மேலும் கோபம். அதில் அவளும் உண்டு. அம்மா முன்னே மாதிரி கத்துவதில்லை, நல்லதாப் போச்சு என்று அவளே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

“அந்தத் தப்பு எல்லாருக்கும் வசதியா இருந்துச்சுடா,” என்றாள். “உனக்கும் வசதி, அப்பாவுக்கும் வசதி. இப்ப ஆபீசருக்கும் வசதி. வசதியா இருக்கிற தப்பை எவன் திருத்துவான்?”

கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் பாஸ், சில்லறை எல்லாம் பெஞ்சில் சிதற, மாத்திரை அட்டை கடைசியாக விழுந்தது. ஒன்றுகூடப் பிரிக்காத அட்டை. அதைப் பார்த்ததும் தம்பியின் முகம் செத்துப்போயிற்று.

“அக்கா, நீ போட்டுக்கலையா?”

“கோபம் குறைஞ்சா சரியாயிடும்னு சொன்னாங்க. நம்ம குடும்ப வைத்தியம்.” ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, அவன் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். “லெட்டர் வேணாம். நாளைக்குக் காலையில நீயே கம்பெனிக்கு வர்ற. இப்ப எனக்குச் சொன்னியே, அதை ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை விடாம சொல்ற. அம்மா சீட்டையும் சேர்த்து.”

அவன் வந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் ஒன்பது மணிக்கு அதே சலவைச் சட்டையில் ஆபீசர் அறையில் நின்று, அதே மெதுவான குரலில் மேல் பாதியையும் கீழ் பாதியையும் பிரித்துச் சொன்னான். ஆபீசர் நடுநடுவே “ஓஹோ” என்றார். அம்மா சீட்டுக்கு வந்தபோது தம்பியின் குரல் இன்னும் இறங்கியது. ஆனாலும் விழுங்காமல் சொன்னான். பத்தாம் வகுப்பில் தப்பாகப் படித்ததை, காலேஜில் தெரிந்துகொண்டதை, அஞ்சு வருஷம் சொல்லாததை.

ஆபீசர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு நிலைமையைச் சரிக்கட்டுகிற சிரிப்போடு, “அப்ப சரிதான் சார். நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். அப்ப இவங்க கோபக்காரங்க இல்ல, இல்லையா?” என்றார்.

“இல்ல சார், அக்கா ரொம்ப சாது...” என்று தம்பி ஆரம்பித்தான்.

“நீ சும்மா இரு,” என்றாள் காலரக்கா. “சார், எனக்குக் கோபம் வரும். நல்லா வரும். விரல் தடுப்பைக் கழட்டினா வரும், ஒருத்தியை ஒண்ணுக்குப் போகவிடாம உட்கார வெச்சா வரும். அது வியாதி இல்ல. இந்தக் காகிதத்துல அது எங்கயும் எழுதல. பிரஷருக்கு மாத்திரை நேத்துலேர்ந்து போடுறேன். கோபத்துக்கு நான் மாத்திரை கேட்கல. பத்து நாள் உங்க பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கிட்டேன். பதினோராம் நாளும், பன்னெண்டாம் நாளும் மூடிக்கிட்டேன். அதுக்கு ஒருத்தி விரலைக் குடுத்திருக்கா. இனிமே மூட மாட்டேன். இந்தக் கோபத்தோட சூப்பர்வைசர் வேணும்னா போடுங்க. இல்லாட்டி நான் காலரே தைக்கிறேன், அங்கேர்ந்தே கத்துறேன்.”

ஆபீசருக்குப் பழக்கதோஷம். “டென்ஷன் ஆகா...” என்று தொடங்கி, மூன்று பேர் முகத்தையும் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது ஆள் நர்ஸம்மா. ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்ல ஆபீசரே வரவழைத்திருந்தார். பிரஷர் பார்க்கும் பெட்டியோடு கதவோரம் நின்றிருந்தாள்.

“நர்ஸம்மா, அந்தப் பட்டையை இவன் கையில கட்டுங்க,” என்றாள் காலரக்கா. “எங்கம்மா பிள்ளைதானே இவனும்.”

“எனக்கு எதுக்கு? எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லக்கா,” என்றான் தம்பி. சட்டைக் கையை மடிக்கத் தயங்கினான். அவளே பிடித்து மடித்தாள். பட்டை இறுகி, உஸ்ஸென்று காற்று இறங்கியது. நர்ஸம்மா முகத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் காற்றடித்தாள்.

“சார், கொஞ்சம் உட்காருங்க. நூத்தி எண்பது, நூத்திப் பத்து. எத்தனை நாளா இப்படி?”

ஆபீசருக்கு நம்ப முடியவில்லை. “சாருக்கா? இவ்வளவு அமைதியாப் பேசுறாரே!”

“எங்கம்மாவும் கடைசி வரைக்கும் அப்படித்தான் சார் பேசினாங்க,” என்றாள் காலரக்கா.

ஆபீசர் சூப்பர்வைசர் நியமனக் காகிதத்தை டிராயரிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டினார். அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. அவளுடையதைத்தானே கொடுத்தார்.

வெளி நடையில் நர்ஸம்மா தம்பிக்கு ஒரு சீட்டு எழுதி, இன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். மெஷின் சத்தம் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

“படி,” என்றாள் காலரக்கா.

“அக்கா...”

“என்ன எழுதியிருக்குன்னு படி. சத்தமா.”

அவன் விளக்குக்கு நேரே சீட்டைப் பிடித்தான். பத்தாம் வகுப்பில் பிடித்த மாதிரியேதான் பிடித்தான். “ஹைப்பர்டென்ஷன்.”

“அர்த்தம்?”

கிரேக்கம் வரவில்லை. லத்தீனும் வரவில்லை. “தினமும் மாத்திரை போடணும்னு அர்த்தம்க்கா.”

“இதை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: “என்மேல கோபம் போயிடுச்சாக்கா?”

“போகல. போகாது. நீ மாத்திரை வாங்கப் போ,” என்று சொல்லிவிட்டு, மூன்றாவது லைனில் விரல் தடுப்பு மாட்டியாயிற்றா என்று பார்க்க உள்ளே போனாள்.